ஓட்டில் இருக்கும் 1865 வீட்டின் வயதா?

கேள்வி: செட்டிநாட்டில் கானாடுகாத்தான் அருகே எங்கள் முன்னோர் கட்டிய வீடு பல புள்ளிகளுக்கு, அதாவது பங்காளிகளின் தனித்தனிக் குடும்பங்களுக்கு, பொதுவாக இருக்கிறது. அடுப்படிப் பகுதியின் சீமை ஓடுகளில் ‘1865’ என்று பொறித்திருக்கிறது. வீடு கட்டிய ஆண்டு அதுதானா? முற்றத்தைச் சூழ்ந்த வளவுச் சுவரின் அடிப்பகுதியில் பூச்சு உதிர்கிறது. கொத்திவிட்டுச் சிமென்ட் பூசலாம் என்கிறார் கொத்தனார். செய்யலாமா? - ஒரு வாசகர், சென்னை.

பதில்: 1865 என்பது சுவிட்சர்லாந்திலிருந்து வந்த கிறித்தவச் சபையான பாசல் மிஷனார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துச் சுட்ட ஓடுகளிலும் அவர்கள் அந்த எண்ணையே பொறித்தார்கள் என்பதால், அதைக் கொண்டு வீட்டின் வயதைச் சொல்ல இயலாது. வீடு கட்டிய கணக்கேடு, பாகப்பிரிவினைப் பத்திரம், நிலைக்கதவுக்கு மேல் சுதையில் எழுதிய ஆண்டு ஆகியவற்றையே நம்ப வேண்டும். ஏற்கெனவே பெயர்ந்து கிடக்கும் பூங்கற்கள் (பூ வேலைப்பாடுள்ள பதிகற்கள்) இருந்தால் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஜப்பான், இங்கிலாந்து நிறுவனங்களின் முத்திரை இருக்கக்கூடும். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பொருளைக் கொண்டு எழுந்த இப்பெருவீடுகளின் காலம், 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆகவே பர்மாத் தேக்கில் தூண் நிறுத்திய வீடு பெரும்பாலும் அதற்கு முந்தியதாகவே இருக்கும். ஒரே வீட்டின் முகப்பும் இரண்டாம் கட்டும் வெவ்வேறு தலைமுறையினர் கட்டியவையாகவும் இருக்கலாம்.

சிமென்ட் பூச வேண்டாம். இதை எத்தனை முறை எழுதினாலும் தகும். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய சுவரில் தரையிலிருந்து ஓதம் ஏறுவது இயல்பு. சுண்ணாம்புப் பூச்சின் வழியே அந்த ஈரம் வெளியேறிக் காய்ந்துவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் மேலும் உயரத்துக்கு ஏறுகிறது. அதில் கரைந்திருக்கும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, சில ஆண்டுகளில் பழைய செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழுகிறது. இன்று முழங்கால் உயரத்தில் இருக்கும் சேதம் பிறகு இடுப்பளவில் தெரியும்.

பூச்சைத் தொடுவதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். முற்றத்தைச் சுற்றி நான்கு சாய்ப்புகள் சேரும் மூலைகளில் உள்ள கூடல்வாய்தான் இவ்வீடுகளில் முதலில் பழுதாகும் இடம். அங்கே தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால், நீர் கைமரத்தின் நுனியை நனைத்து, சுவருக்குள் இறங்கி, அடியில் வந்து நிற்கும். முற்றத்து நீர் வெளியேறும் கால்வாய் குப்பையால் அடைபட்டிருந்தாலும் இதே கதிதான். ஐப்பசி மழைக்கு முன் கூரையையும் கால்வாயையும் சீர்செய்துவிட்டு, சுவரை ஒரு கோடை முழுவதும் உலரவிடுங்கள்.

அதன் பின் சுண்ணாம்பு வேலை தெரிந்தவரை வைத்துப் பூசலாம். நீற்றிய சுண்ணாம்பை ஈரம் காயாமல் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைப்பது வழக்கம். கண்ணாடிபோல் வழவழக்கும் மேல்பூச்சுக்கு முட்டையின் வெண்கருவைச் சேர்த்து, கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். ஒவ்வொரு பூச்சும் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்து இறுக வேண்டியிருப்பதால், அவசரப்பட்டு வெயிலில் காயவிட்டால் வெடித்துவிடும். மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை. சிதைந்த இடத்தை மட்டும் ஒட்டுங்கள், உறுதியாக நிற்கும் பழைய பூச்சைக் கொத்த வேண்டாம்.

செலவை எண்ணி, தூண்களையும் நிலைகளையும் விற்றுவிடலாம் என்று பங்காளிகளில் சிலர் சொல்லக்கூடும். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளில் கிடக்கும் தூண்கள் அப்படிப் பிரிக்கப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவையே. அதற்கு உடன்படாதீர்கள். முன்னோர்க்குச் செய்யும் அடுத்த படைப்புக்கு எல்லாப் புள்ளிகளும் கூடும்போது, கூரைச் செலவை மட்டும் முதலில் பங்கிட்டு எழுதி அனைவரிடமும் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். பூச்சுச் செலவை மறு ஆண்டில் பேசிக்கொள்ளலாம்.