சிறைக் கணக்கு – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

கலிஃபோர்னியச் சிறைகளில் ஆள் ஏறக்குறைய பாதியாகிவிட்டது என்று போன கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். நான் 14 வருடமாக ஃப்ரீமான்ட்டில் இருக்கிறேன். இங்கே மருந்துக்கடையில் பற்பசையைக்கூட கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைக்கிறார்கள். மணியை அழுத்திவிட்டு, கடைப்பையன் சாவியோடு வரும்வரை நிற்க வேண்டும். திருட்டு இப்படி இருக்கும்போது சிறையில் ஆள் எப்படிக் குறையும்? பிடிப்பதில்லை, பிடித்தாலும் விட்டுவிடுகிறார்கள் என்பதுதானே அர்த்தம்? 950 டாலருக்குள் திருடினால் கேஸே இல்லை என்கிறார்கள். இதையா சாதனை மாதிரி எழுதுகிறீர்கள்?

(பெயர் வேண்டாம்)
ஃப்ரீமான்ட்

அன்புள்ள நண்பருக்கு,

சாதனை என்று நான் எழுதவில்லை. ஆனால் ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனேன், அது என் தப்பு. 2006இல் 1,73,000 பேர், 2021 தொடக்கத்தில் 95,000 பேர் அளவில். எண் சரிதான். அதை நீங்கள் குற்றத்தின் அளவாக எடுத்துக்கொண்டு படிக்கிறீர்கள். என் தகராறு அதோடுதான்.

குளத்தில் நிற்கிற தண்ணீரை மட்டும் பார்த்து இந்த வருடம் மழை எவ்வளவு என்று சொல்ல முடியுமா? எத்தனை கால்வாய் உள்ளே வருகிறது, மதகுச் சாவி யார் கையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். சிறைக்கும் அதே கணக்கு. எத்தனை பேர் வருகிறார்கள், வந்தவர் எத்தனை நாள் இருக்கிறார் என்ற இரண்டும் சேர்ந்துதான் அந்த எண். வருகிறவர் தொகை மாறாமல் தண்டனைக் காலம் மட்டும் இரட்டிப்பானாலும் சில வருடங்களில் கூட்டம் இரட்டிப்பாகும்.

கலிஃபோர்னியாவில் மதகுச் சாவி கை மாறியது 1977இல். அதற்கு முன் நீதிபதி 'இத்தனை வருடம் முதல் இத்தனை வருடம் வரை' என்றுதான் சொல்வார். எப்போது வெளியே விடுவது என்பது ஒரு குழுவின் முடிவு. கருப்பர்களை அதிகக் காலம் அடைத்து வைக்கிறது என்று இடதுசாரிகளுக்கு அதன்மேல் கோபம், சீக்கிரம் விட்டுவிடுகிறது என்று வலதுசாரிகளுக்குக் கோபம். இரண்டு பக்கமும் சேர்ந்து அந்த அதிகாரத்தைப் பறித்து, குற்றத்துக்கு இத்தனை வருடம் என்று சட்டத்திலேயே எழுதின. கையெழுத்திட்டவர் கவர்னர் ஜெர்ரி பிரௌன். அப்போது சிறைகளில் சுமார் 20,000 பேர். அதன்பின் தண்டனையைக் கூட்டுவது சட்டமன்றத்துக்கு ரொம்பச் சுலபமாகிவிட்டது. பரபரப்பான கொலை ஒன்று, அடுத்து தேர்தல், உடனே தண்டனையில் இன்னொரு நாலு வருடம். 1994இல் 'த்ரீ ஸ்ட்ரைக்ஸ்' சட்டம் வந்தது. ஏற்கெனவே இரண்டு கடும் குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர் மூன்றாவதாக எந்தப் பெருங்குற்றம் செய்தாலும் 25 வருடம் முதல் ஆயுள் வரை. லியாண்ட்ரோ ஆண்ட்ரேட் என்பவர் ஒன்பது வீடியோ கேசட் திருடினார், மதிப்பு சுமார் 150 டாலர். முன்பே திருட்டில் தண்டனை பெற்றவர் என்பதால் அது பெருங்குற்றமாகிவிட்டது. இரண்டு தடவையாகத் திருடியதால் இரண்டு 25, ஆக 50 வருடம். 2003இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இது செல்லும் என்று சொல்லிவிட்டது.

நீங்கள் கவனிக்க வேண்டியது 1990கள். கலிஃபோர்னியாவில் வன்முறைக் குற்ற விகிதம் 1992ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்டு, பிறகு மளமளவென்று இறங்கியது. அதே பத்து வருடத்தில் சிறையில் இருந்தவர்கள் ஒரு லட்சத்துக்குக் கீழிருந்து 1,60,000க்குப் போனார்கள். எல்லோரையும் உள்ளே போட்டதால்தான் குற்றம் குறைந்தது என்பீர்கள். கொஞ்சம் இருக்கலாம். ஆனால் இந்த அளவுக்கு ஆள் சேர்க்காத மாநிலங்களிலும் அந்த வருடங்களில் குற்றம் இறங்கியது.

இன்னொரு கால்வாய் பரோல். நம்மூரில் பரோல் என்றால் தங்கை கல்யாணத்துக்கோ அப்பா சாவுக்கோ கைதி லீவில் வருவது. அங்கே அது தண்டனை முடிந்து வெளியே வந்தபின் இருக்கும் கண்காணிப்பு. அன்றைக்கு விடுதலையாகிற கிட்டத்தட்ட எல்லோருக்கும் அது உண்டு. அதிகாரியைப் பார்க்கப் போகவில்லை, சிறுநீர்ச் சோதனையில் தேறவில்லை என்றால் சில மாதம் திரும்ப உள்ளே. 2000களில் மாநிலச் சிறைக்கு வந்தவர்களில் பாதிக்கும் மேல் இப்படித் திரும்பி வந்தவர்கள்தான்.

1984க்கும் 2005க்கும் இடையில் 20க்கும் மேற்பட்ட சிறைகளைப் புதிதாகக் கட்டியும் இடம் போதவில்லை. 80,000 பேருக்கான இடத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆட்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் மூன்றடுக்குக் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். 54 பேருக்கு ஒரு கழிப்பறை. தற்கொலை செய்துகொள்வார் என்று அஞ்சப்பட்ட கைதிகளை, கழிப்பறை இல்லாத, டெலிபோன் பூத் அளவுக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தார்கள். 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில், கூட்டத்தைக் கொள்ளளவில் 137.5 சதவீதத்துக்குள் கொண்டுவரச் சொன்னது. நீதிபதி கென்னடி தீர்ப்போடு அந்தக் கூடத்தின், கூண்டின் புகைப்படங்களையும் சேர்த்திருந்தார். அதைவிட வலுவான வாதம் தேவைப்படவில்லை என்று நினைக்கிறேன்.

உத்தரவை நிறைவேற்ற வேண்டியவர் யார் தெரியுமா? மறுபடியும் கவர்னராகியிருந்த அதே ஜெர்ரி பிரௌன்!

இங்கே தமிழ் நம்மைக் கொஞ்சம் குழப்பும். நமக்குச் சிறையும் ஜெயிலும் ஒன்று. அமெரிக்காவில் மாநிலச் சிறை வேறு, கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஜெயில் வேறு. 2011 அக்டோபர் முதல் சின்னக் குற்றவாளிகளையும், பரோல் மீறியவர்களில் பெரும்பாலோரையும் கவுன்டிகளின் பொறுப்பில் விட்டார்கள். ஒரே வருடத்தில் மாநிலச் சிறையில் 25,000 பேருக்கு மேல் குறைந்தார்கள். அதில் ஒரு பங்கு கவுன்டி ஜெயில்களின் கணக்கில் போய் ஏறியது. ஆகவே 'பாதியானது' என்று நான் எழுதியதில் கொஞ்சம் பொய் கலந்திருக்கிறது. நீங்கள் இதைப் பிடித்திருக்கலாம்.

சரி, உங்கள் 950 டாலர். கேஸ் இல்லை என்பது தவறு. அதற்குக் கீழே போனால் சிறுகுற்றம், ஆறு மாதம்வரை கவுன்டி ஜெயில் உண்டு. 950 என்ற வரம்பும் 2014இல் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டமான வாக்கெடுப்பு 47இல் புதிதாக முளைத்ததல்ல, அதற்கு முன்பே சட்டத்தில் இருந்தது. கறார் என்று பெயரெடுத்த டெக்சாஸில் அந்த வரம்பு 2,500 டாலர். உங்கள் பக்கம் நியாயம் இல்லாமலும் இல்லை. முன்பு திருட்டு வழக்கில் உள்ளே போய்வந்தவர் மறுபடி சில்லறைத் திருட்டில் சிக்கினால் பெருங்குற்றமாக்க முடிந்தது. 47 பெரும்பாலோருக்கு அந்தக் கதவைச் சாத்தியது. அதன்பின் திருட்டு சற்றுக் கூடியதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இருக்கிறது, வன்முறை கூடியதற்கு இல்லை. பற்பசைக்குப் பூட்டு அந்தச் 'சற்று'க்காகப் போட்டதா என்று கடைக்காரர்தான் சொல்ல வேண்டும்.

கடைசி இறக்கம் கொரோனாவால். அதற்குக் கொள்கை எதுவும் காரணமில்லை. கவுன்டிகளிலிருந்து புதிய கைதிகளை எடுப்பதை நிறுத்தினார்கள், சிலரை முன்கூட்டியே அனுப்பினார்கள். ரிச்மண்ட் பாலத்தில் போகும்போது கடலோரமாகத் தெரியுமே சான் குவென்டின், அங்கே வேறு சிறையிலிருந்து ஆட்களை மாற்றிக் கொண்டுவந்ததில் தொற்று பரவி 28 கைதிகளும் ஒரு ஊழியரும் செத்துப்போனார்கள்.

அப்புறம் ஒரு வேடிக்கை. 2000இல் போதைக் குற்றவாளிகளைச் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பிய வாக்கெடுப்பின் எண் 36. 2012இல் 'த்ரீ ஸ்ட்ரைக்ஸ்' சட்டத்தின் பல்லைப் பிடுங்கியதும் 36. 2024 நவம்பரில், ஏற்கெனவே இரண்டு தடவை தண்டனை பெற்றவரின் அடுத்த திருட்டை மறுபடி பெருங்குற்றமாக்கியதும் 36. கடைசி எண்ணுக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆதரவு. குடியுரிமை வாங்கியிருந்தால் நீங்களும் போட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்த நவம்பரில்தான், ஆள் இல்லை என்று பாலைவனத்துச் சக்கவாலா சிறையைப் பூட்டினார்கள்.