நிக்கோடிமஸ்: 14 பேர் உள்ள ஊர்

அன்புள்ள சார்,

டென்வரிலிருந்து கான்சாஸ் சிட்டிக்குக் காரில் போகும்போது ஐ-70 விரைவுச்சாலை சலித்துப்போய் 24ஆம் நெடுஞ்சாலைக்குத் திரும்பினோம். வழியில் கான்சாஸ் மாநிலத்தில் நிக்கோடிமஸ் என்று ஓர் ஊர். நாலைந்து பழைய கட்டடங்கள், சுற்றிலும் வயல், தேசியப் பூங்காத் துறையின் பலகை. கறுப்பின மக்கள் உருவாக்கிய ஊர், ரயில் வராததால் அழிந்துவிட்டது என்று அங்கே வந்திருந்த ஒருவர் சொன்னார். கூகுளில் பார்த்தால் மக்கள்தொகை 14. இத்தனை பேருக்கு எதற்கு ஒரு தேசிய நினைவிடம்? ரயில் வந்திருந்தால் பெரிய ஊராகியிருக்குமா?

கே., டென்வர்

அன்புள்ள கே.,

ரயில் கதை பொய்யில்லை. ஆனால் ரயில் கிடைத்த பக்கத்து ஊரையும் ஒரு நடை பார்த்துவிட்டு வந்திருந்தீர்கள் என்றால் இந்தக் கேள்வியே வேறு மாதிரி இருந்திருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

நிக்கோடிமஸ் தொடங்கியது 1877இல். உள்நாட்டுப் போர் முடிந்து 12 வருடம். தெற்கில் கூட்டாட்சிப் படைகள் விலகிக்கொண்ட அதே வருடம், அதாவது விடுதலையான அடிமைகளுக்கு இனி பாதுகாப்பு யாரும் இல்லை என்று தெளிவாகிவிட்ட நேரம். டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார நில வியாபாரியும் டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகரும் இன்னும் சிலரும் சேர்ந்து ஊருக்கு மனை போட்டார்கள். கென்டக்கியில் துண்டறிக்கை போனது: நல்ல மண், சொந்த நிலம், வாருங்கள். (பக்கத்தில் இருக்கும் மாவட்டத் தலைநகரான ஹில் சிட்டிக்கு யார் பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.)

அந்த செப்டம்பரில் மட்டும் 300 பேர் போல ரயிலில் எல்லிஸ் வரை வந்து, அங்கிருந்து நடந்தே வந்து சேர்ந்தார்கள். மறு வசந்தத்தில் வந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண்மணி பிற்பாடு சொல்லியிருப்பது இது: ஊர் எங்கே, ஒன்றும் தெரியவில்லையே என்று கேட்டிருக்கிறார், கணவர் தரையிலிருந்து அங்கங்கே எழும்பிய புகையைக் காட்டி, அதுதான் நிக்கோடிமஸ் என்றிருக்கிறார். மண்ணைக் குடைந்து உள்ளே குடியிருந்தார்கள். மரமே இல்லாத புல்வெளியில் வீடு கட்டப் பலகைக்கு எங்கே போவது, அடுப்பெரிக்கக் காய்ந்த சாணம்தான். அவர் அழுதுவிட்டாராம். வந்தவர்களில் கணிசமானோர் திரும்பியே போய்விட்டார்கள். முதல் குளிர்காலத்தில் வேட்டையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் பழங்குடியினர் கொடுத்த உணவில்தான் பிழைத்தோம் என்பது அந்த ஊர்க் குடும்பங்களில் இன்றும் சொல்லப்படுகிற செய்தி.

ஆனால் பத்தே வருடத்தில் கடைகள், ஹோட்டல், பள்ளிக்கூடம், தேவாலயங்கள், 2 செய்தித்தாள்கள்! இங்கே குடியேறிய எட்வர்ட் மெக்கேப் 1882இல் கான்சாஸ் மாநிலத்தின் தணிக்கை அதிகாரியாகத் தேர்தலில் ஜெயித்தார், 1884இல் மறுபடியும். அடிமை முறை ஒழிந்து 20 வருடம்கூட ஆகவில்லை.

1887இல் மிசூரி பசிபிக் என்ற கம்பெனியின் ரயிலை இழுத்து வர 16,000 டாலர் கடன் பத்திரத்துக்கு மக்கள் வாக்களித்தார்கள். ரயில் வரவில்லை. அடுத்த வருடம் யூனியன் பசிபிக் என்ற இன்னொரு ரயில் கம்பெனி வந்தது, ஆனால் சாலமன் ஆற்றுக்குத் தெற்கே தண்டவாளம் போட்டது. அங்கே முளைத்த ஊர்தான் போக். நிக்கோடிமஸ் கடைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போனார்கள். சரி, ரயில் கிடைத்த அந்த போக் ஊரில் இன்று எத்தனை பேர் என்கிறீர்கள்? 200 பேர்கூட இல்லை.

ரயில் கடைகளைத்தான் கொண்டுபோனது, விவசாயிகள் இருந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களைக் கிளப்பியது மழை. 100ஆவது தீர்க்கரேகை இந்த ஊருக்குச் சற்று மேற்கே ஓடுகிறது; அந்தக் கோட்டை ஒட்டி மழையை நம்பிய விவசாயம் ஆட்டம் காணும் என்று நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவல் 1878இலேயே அரசுக்கு அறிக்கை கொடுத்தார். ஆனால் அரசு கொடுத்தது ஈரமான கிழக்கு மாநிலங்களின் கணக்குப்படி குடும்பத்துக்கு 160 ஏக்கர். இங்கே அதை வைத்துக்கொண்டு நல்ல வருடம் சாப்பிடலாம், தொடர்ந்து இரண்டு வருடம் பொய்த்தால் கடன்தான். 1930களில் புழுதிப் புயலும் பொருளாதார மந்தமும் சேர்ந்து வந்தன, பிறகு டிராக்டர் வந்து பத்துக் குடும்பத்தின் நிலத்தை ஒரு குடும்பமே உழ முடியும் என்றானது. நிக்கோடிமஸ் இருக்கும் கிரகாம் மாவட்டத்தில் 1910இல் 8,000 பேருக்கு மேல் இருந்தார்கள், 2020 கணக்கெடுப்பில் 2,415. பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், ரயில் உள்ளவர்கள், இல்லாதவர்கள் எல்லோரும் சேர்த்துத்தான். நிக்கோடிமஸில் தபால் நிலையம் 1953இல் மூடப்பட்டது. அதைக் கறுப்பர்களின் தோல்வி என்று யாராவது சொன்னால் பக்கத்து ஊர்களின் கணக்கைக் கேளுங்கள்.

நினைவிடம் எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய அந்தக் காலத்தில் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே கறுப்பினத்தவர் அமைத்த ஊர்களில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். அதனால்தான் 1996இல் தேசிய வரலாற்றுத் தலமாக்கினார்கள். 14 என்பது அங்கே படுத்து எழுந்திருக்கிறவர்கள் எண்ணிக்கை. ஜூலைக் கடைசி வார இறுதியில் நடக்கும் ஊர் விழாவுக்குப் போய்ப் பாருங்கள், டென்வர், கலிபோர்னியா என்று எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகள், பேரன் பேத்திகள் நூற்றுக்கணக்கில் வந்து இறங்குவார்கள். அந்த விழா முதலில் ஆகஸ்ட் 1ஐ ஒட்டிக் கொண்டாடப்பட்டது. 1834இல் பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்த நாள் அது. அதே சட்டத்தால் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் இல்லாமல் போனதால்தான் நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள் என்பதை நான் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் டென்வரில்தானே இருக்கிறீர்கள், ஜூலையில் ஒரு சனிக்கிழமை ஒதுக்குங்கள். 1939இல் சுண்ணாம்புக்கல்லில் கட்டிய டவுன்ஷிப் ஹாலில்தான் பார்வையாளர் மையம். முதலில் அங்கே போங்கள். பெட்ரோலை ஹில் சிட்டியிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.