பெரிய டேப்லெட் இருந்தால் லேப்டாப் வேண்டாமா? கேள்வி பதில்

ஆரம்பிக்கும் முன்: "ஆபீஸ் வேலைக்கு ஆகுமா?" என்று மட்டும் எழுதினால் என்னால் எதுவும் சொல்ல முடியாது. கடந்த ஒரு மாதத்தில் லேப்டாப்பில் திறந்த மென்பொருள்களையும் யூஎஸ்பியில் செருகிய சாமான்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். அதில் டேப்லெட்டில் ஓடாத ஒரே ஒரு வரி இருந்தாலும், அந்த வரிக்காகவே லேப்டாப்பையும் கூடவே வைத்திருக்க வேண்டியிருக்கும். சிப் எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கணக்காளர், ஈரோடு: சார், டாலி, எக்செல், ஜிஎஸ்டி, வருமான வரி. இவ்வளவுதான் என் வேலை. லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு 13 அங்குல ஐபேட் ப்ரோ வாங்கலாமா?

வேண்டாம் சார். எங்கெங்கே இடிக்கும் என்று சொல்கிறேன்.

டாலி பிரைம் விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருள். ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் நிறுவ முடியாது. எக்செல் இருக்கிறது, ஆனால் மேக்ரோ (கோப்புக்குள் எழுதிவைத்த தானியங்கிக் கட்டளைகள்) ஓடாது. மேக்ரோ உள்ள கோப்பு திறக்கும், கட்டங்கள் தெரியும், பொத்தானைத் தட்டினால் ஒன்றும் நடக்காது. வெளித் தரவை இழுத்து ஒழுங்குபடுத்தும் பவர் குவெரியைத் திருத்தவும் முடியாது. ஜிஎஸ்டிஆர்-9 ஆஃப்லைன் கருவியே மேக்ரோ உள்ள எக்செல் கோப்புதான் என்பது உங்களுக்குத் தெரியும். இன்னொன்று: 10.1 அங்குலத்துக்கு மேற்பட்ட திரையில் வேர்டு, எக்செல் இரண்டிலும் திருத்துவதற்கு மைக்ரோசாஃப்ட் 365 சந்தா கட்ட வேண்டும். போனில் இலவசமாகத் திருத்திப் பழகியவர்கள் பெரிய டேப்லெட் வாங்கியதும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கடைசியாக டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், அதாவது கையெழுத்துச் சான்றிதழ் உள்ள யூஎஸ்பி குச்சி. ஜிஎஸ்டி தளத்துக்கு எம்சைனர், வருமான வரித் தளத்துக்கு எம்பிரிட்ஜ் என்று கணினியில் ஒரு துணை மென்பொருள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஐபேடில் அதை நிறுவ வழியில்லை. ஜிஎஸ்டியில் தனிநபர், கூட்டாண்மை நிறுவனக் கணக்குகளை ஓடிபி மூலம் முடித்துவிடலாம். கம்பெனி, எல்எல்பி என்றால் டோக்கன் இல்லாமல் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போகாது.

விலையையும் கூட்டிப் பாருங்கள். எம்4 சிப் உள்ள 13 அங்குல ப்ரோ 2024-இல் வந்தபோது 1,29,900 ரூபாய், மேஜிக் கீபோர்டு 33,900, பென்சில் ப்ரோ 11,900. மொத்தம் 1,75,700. எம்4 மேக்புக் ஏர் 2025-இல் 99,900 ரூபாய்க்கு வந்தது. எடையிலும் மிச்சமில்லை. டேப்லெட் மட்டும் 579 கிராம்தான், கீபோர்டு போட்டதும் மேக்புக் ஏரின் 1.24 கிலோ பக்கத்தில் வந்து நிற்கும்.

ஓவியர், மதுரை: புத்தக அட்டை, சிறுவர் கதைப் படங்கள் வரைகிறேன். புரொக்ரியேட் போதும் எனக்கு.

அப்படியானால் தாராளமாக வாங்குங்கள். உங்கள் தொழிலில் லேப்டாப்தான் கூடுதல் சாமான்.

மூன்று விஷயம் மட்டும். ஒன்று, கையில் இரண்டாம் தலைமுறை பென்சில் இருந்தால் அது எம்4 ப்ரோவிலோ, எம்2 அல்லது அதற்குப் பிந்தைய ஏரிலோ வேலை செய்யாது. பென்சில் ப்ரோ புதிதாக வாங்க வேண்டும். இரண்டு, எத்தனை லேயர் கிடைக்கும் என்பது நினைவகத்தைப் பொறுத்தது. எம்4 ப்ரோவில் 256, 512 ஜிபி மாடல்களுக்கு 8 ஜிபி நினைவகம். 1 டிபி எடுத்தால்தான் 16. ஏ3 அளவில் 300 டிபிஐ என்றால் 4961 × 3508 பிக்சல். கடையில் உள்ள மாதிரி ஐபேடில் இதே அளவில் கேன்வாஸ் திறந்து, கேன்வாஸ் தகவல் பக்கத்தில் அதிகபட்ச லேயர் எத்தனை என்று பாருங்கள். அந்த எண் உங்களுக்குப் போதுமென்றால் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். மூன்று, அச்சுக்குப் போகும் படமென்றால் அச்சு வண்ண முறையான சிஎம்ஒய்கே-யைக் கேன்வாஸ் உருவாக்கும்போதே தேர்ந்தெடுங்கள். பாதியில் மாற்ற முடியாது.

அட்டையில் எழுத்து வைப்பது, பக்க வடிவமைப்பு எல்லாம் வேறு. இன்டிசைன் ஐபேடுக்கு இல்லை.

கடை உரிமையாளர், திருப்பூர்: ஐபேடில் டாலி ஓட்ட ஏதாவது வழி உண்டா?

ஈரோட்டுக்காரருக்கு எழுதியதைப் பாருங்கள்.

திருமண வீடியோ எடிட்டர், தஞ்சாவூர்: மண்டபத்திலேயே ஒரு சின்ன ஹைலைட் வெட்டிக் கொடுக்க டேப்லெட் ஆகுமா அண்ணா?

ஆகும், போர்ட்டைப் பார்த்து வாங்கினால். சாதாரண 10ஆம் தலைமுறை ஐபேடில் டைப்-சி இருந்தாலும் உள்ளே யூஎஸ்பி 2 வேகம்தான், நொடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் 35, 40 மெகாபைட் கிடைக்கும். 64 ஜிபி கார்டு இறங்க அரை மணி நேரம். அதற்குள் பந்தி முடிந்துவிடும். ஏரில் 10 ஜிகாபிட், ப்ரோவில் 40 ஜிகாபிட் தண்டர்போல்ட். அங்கே தடை உங்கள் கார்டு ரீடர்தான்.

எஸ்எஸ்டியை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்து கொண்டுபோங்கள். என்டிஎஃப்எஸ்ஸில் இருந்தால் ஐபேட் அதில் எழுதாது. மேஜிக் கீபோர்டின் கீல் பக்கத்தில் உள்ள டைப்-சி துளை சார்ஜுக்கு மட்டும். சார்ஜரை அங்கே செருகிவிட்டால் டேப்லெட்டின் ஒரே போர்ட் எஸ்எஸ்டிக்கு மிச்சமாகும்.

ஆப்பிளின் வீடியோ எடிட்டரான ஃபைனல் கட்டில் முக்கியமான பொறி: ஐபேடில் தொடங்கிய புராஜெக்டை மேக்குக்கு அனுப்பலாம், மேக்கில் தொடங்கியதை ஐபேடில் திறக்க முடியாது. வேலை ஓட்டத்தை அதற்கேற்ப வையுங்கள். ஏற்றுமதி ஓடும்போது வேறு ஆப்புக்குப் போனால் நின்றுவிடும் தொல்லை பல வருடம் இருந்தது. 2025 செப்டம்பரில் வந்த ஐபேட் ஓஎஸ் 26-இல், ஆதரிக்கும் ஆப்கள் பின்னணியிலும் முடிக்கும். முழு மூன்று மணி நேரக் கல்யாணப் படத்தை இதில் வெட்டாதீர்கள். வெளி பிளக்-இன் இல்லாமல் உங்கள் டைட்டில், டிரான்சிஷன் சரக்கு பாதி வராது.

கல்லூரி மாணவர், கோவை: புரோகிராமிங்குக்கு?

ஐபேட் என்றால் வேண்டாம் தம்பி. டாக்கர் இல்லை, எக்ஸ்கோடு இல்லை. ஐபேட் ஆப் எழுதவே முழுமையான கருவி ஐபேடில் இல்லை, ஸ்விஃப்ட் பிளேகிரவுண்ட்ஸ் மட்டும் உண்டு. கிட்ஹப் கோட்ஸ்பேஸஸ் இரண்டு கோர் இயந்திரத்தில் மாதம் 60 மணி நேரம் இலவசம், பிரவுசரில் ஓட்டலாம். நெட் போனால் வேலையும் போச்சு.

ஆண்ட்ராய்டில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் டெர்மக்ஸ் ஆப் இருக்கிறது. பிளே ஸ்டோரில் உள்ளதை விட்டுவிட்டு எஃப்-டிராய்டு என்ற ஆப் களஞ்சியத்திலிருந்து எடு. ஆண்ட்ராய்டு 12-லிருந்து துணைச் செயல்முறைகள் 32-ஐத் தாண்டினால் சிஸ்டமே கொன்றுவிடும். பெரிய பில்ட் காரணமே சொல்லாமல் சாவது இதனால்தான். ஆண்ட்ராய்டு 14-இல் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் துணைச் செயல்முறைக் கட்டுப்பாட்டை நீக்கும் பொத்தான் இருக்கிறது. இருந்தாலும், அதே காசுக்கு 16 ஜிபி லேப்டாப் வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

மொத்த வியாபாரி, சேலம்: சாம்சங் டேப் எஸ்10 அல்ட்ராவில் டெக்ஸ் இருக்கிறதாமே, கம்ப்யூட்டர் மாதிரியே வருமாம். அதில் டாலி?

டெக்ஸ் தோற்றத்தில்தான் கம்ப்யூட்டர். உள்ளே அதே ஆண்ட்ராய்டு. ஓடாது. டாலி பற்றி இனி புதிதாகக் கேட்க வேண்டாம்.

ஐடி ஊழியர், சென்னை: சார், நீங்கள் வேண்டுமென்றே பயமுறுத்துகிறீர்கள். ஆபீஸில் ஒரு விண்டோஸ் பிசி, ஐபேடில் ரிமோட் டெஸ்க்டாப். டாலி, மேக்ரோ, டோக்கன் எல்லாம் தீர்ந்தது. எதற்கு லேப்டாப்?

டாலியும் மேக்ரோவும் தீர்ந்தது, சரி. டோக்கன் தீரவில்லை. விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப்பான ஆர்டிபி வழியாக உள்ளே போனால், அந்த அமர்வுக்கு உங்கள் கையில் உள்ள கருவியின் ஸ்மார்ட் கார்டுதான் தெரியும் (டோக்கனும் அந்த வகைதான்). ஆபீஸ் பிசியில் செருகியிருக்கும் டோக்கன் தெரியாது. சர்டிபிகேட் பட்டியல் காலியாக வரும், டிரைவர் கோளாறு என்று நினைத்து நாலு தடவை மறுபடி நிறுவுவார்கள். டிரைவரில் ஒரு கோளாறும் இருக்காது.

அதே நபர்: எனிடெஸ்க்கில் தெரிகிறதே!

தெரியும். எனிடெஸ்க், குரோம் ரிமோட் டெஸ்க்டாப் எல்லாம் பிசியின் நிஜத் திரையை அப்படியே காட்டுபவை, புது அமர்வு திறப்பதில்லை. எனவே டோக்கன் தெரியும். ஆனால் அந்த டோக்கனை யாருமில்லாத அறையில் இரவெல்லாம் செருகியே வைக்கப் போகிறீர்களா? அது வாடிக்கையாளரின் கையெழுத்து சார். பேனாவைத் தொலைத்தால் வேறு வாங்கலாம், இது அப்படியில்லை.

கணக்காளர், ஈரோடு: இடையில் வருகிறேன். அந்த விண்டோஸ் பிசி ஓடிக்கொண்டே இருந்தால் அது மாற்று எப்படி ஆகும்? ஒன்றுக்கு இரண்டாயிற்று.

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ரிமோட்டில் டேப்லெட் ஒரு திரை, அவ்வளவுதான்.

ஐடி ஊழியர், சென்னை: பிசி ஏற்கெனவே ஆபீஸில் இருக்கிறது. கையில் தூக்கிப்போவது எது என்பதுதானே கேள்வி? கணக்கு அப்படித்தான் போட வேண்டும்.

அதுவும் நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஏற்கெனவே மேசைக் கணினி இருப்பவருக்கு இது நல்ல ஏற்பாடு. செய்வதை ஒழுங்காகச் செய்யுங்கள்:

விண்டோஸ் ப்ரோ இருக்க வேண்டும். ஹோம் பதிப்பு ஆர்டிபி இணைப்பை ஏற்காது. ஸ்லீப்பை முழுக்க அணையுங்கள். பயாஸில், மின்சாரம் திரும்பி வந்ததும் தானாக இயங்கும் அமைப்பைப் போடுங்கள். இல்லையென்றால் யூபிஎஸ் தாங்காத ஒரு பவர்கட்டில் பிசி படுத்துவிடும், ஆபீஸுக்குப் போய்ப் பொத்தானை அழுத்த ஆள் தேட வேண்டும். ரௌட்டர், நெட் பெட்டி இரண்டும் அதே யூபிஎஸ்ஸில் இருக்கட்டும்.

ரௌட்டரில் ஆர்டிபிக்கான 3389 போர்ட்டை மட்டும் வெளியே திறந்துவிடாதீர்கள். திறந்த சில மணி நேரத்தில் எங்கிருந்தோ கடவுச்சொல் முயற்சிகள் வரத் தொடங்கும். அப்புறம் ஒருநாள் டாலி டேட்டா பூட்டப்பட்டுப் பணம் கேட்டுக் கடிதம் இருக்கும். டெயில்ஸ்கேல் அல்லது வயர்கார்டு என்ற விபிஎன் போட்டு அதற்குள் ஆர்டிபி ஓட்டுங்கள்.

தமிழில் தட்டுபவர்களுக்கு: ஐபேடில் ஆங்கில விசைப்பலகையை வைத்து, விண்டோஸ் பக்கம் தமிழ் 99-ஐப் போடுங்கள். இரண்டு பக்கமும் தமிழ் வைத்தால் எழுத்து குழம்பும்.

ஐடி ஊழியர், சென்னை: அப்போ நான் சொன்னது சரிதானே!

பாதி. டோக்கன் பாதி இன்னும் என் பக்கம்தான் இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர், டொரோண்டோ: நீதிமன்ற, மருத்துவ ஆவணங்கள். ஒரு பக்கம் மூலம், ஒரு பக்கம் தமிழ். 13 அங்குலமா, 14.6 அங்குலமா?

நல்ல கேள்வி, அங்குலத்தை நம்பாமல் அளந்து பார்க்க வேண்டியது. ஐபேட் 4:3, சாம்சங் அல்ட்ரா 16:10. நிமிர்த்தி வைத்து ஒரு ஏ4 பக்கத்தை முழுதாகக் காட்டினால் ஐபேடில் அகலம் சுமார் 7.3 அங்குலம், அல்ட்ராவில் 7.7. பெரிய வித்தியாசமில்லை. படுக்கவைத்து இரண்டு ஆவணத்தைப் பக்கம் பக்கமாக வைத்தால் ஐபேடில் ஆளுக்கு 5.2 அங்குலம், அல்ட்ராவில் 6.2. உங்கள் வேலை முழுக்க இரண்டாவது வகை, எனவே அளவில் அல்ட்ராவுக்குத்தான் வெற்றி.

விசைப்பலகையில் ஐபேடுக்கு ஒரு வசதி: தமிழ் 99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன, கன்ட்ரோலும் ஸ்பேஸும் அழுத்தி மாறலாம். யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருக் கோப்புகள் வந்தால் எதிலும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும். திறப்பதற்கு முன் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மொழிபெயர்ப்பு நினைவகத்துக்கு டிராடோஸ் ஸ்டுடியோவைக் கேட்கும் வாடிக்கையாளர் இருந்தால் விண்டோஸ் தவிர வேறு வழியில்லை.

வழக்கறிஞர், திருச்சி: சர்ஃபேஸ் ப்ரோ வாங்கினால் இந்தத் தலைவலி எதுவும் இல்லையே?

பெரும்பாலும் இல்லை, அது டேப்லெட் உடம்பில் முழு விண்டோஸ். ஆனால் 2024-இல் வந்த 11ஆம் பதிப்பில் ஆர்ம் வகை ஸ்னாப்டிராகன் சிப். சாதாரண மென்பொருளை மொழிமாற்றி ஓட்டும், டிரைவரை ஓட்டாது. உங்கள் டோக்கன், ஸ்கேனர், பழைய பிரிண்டர் மூன்றுக்கும் ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று தயாரித்தவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். இல்லையென்றால் இன்டெல் சிப் உள்ள தொழில்முறைப் பதிப்பை எடுங்கள். இன்னொன்று, பின்னால் கால் ஊன்றி நிற்கும் அமைப்பு. கோர்ட் பெஞ்சில் மடியில் வைத்துத் தட்ட முயன்றால் தொடை நீளம் போதாமல் சரியும்.

ஆசிரியர், நாகர்கோவில்: 18 ஆயிரம் ரூபாய் டேப்லெட்டை டைப்-சி கேபிளில் மானிட்டரில் மாட்டினேன். படம் வரவில்லை. கேபிள் கோளாறா?

கேபிள் அல்ல. அந்த விலையில் போர்ட்டில் பெரும்பாலும் படம் வெளியே வராது. விவரக் குறிப்பில் "யூஎஸ்பி 2.0" என்றிருந்தால் படத்தை எதிர்பார்க்காதீர்கள். ஐபேடிலும் எம் வரிசைச் சிப் இல்லையென்றால் அதே திரையின் நகல்தான், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு.

அரசு ஊழியர், விழுப்புரம்: மேசையில் எப்போதும் சார்ஜிலேயே வைத்துப் பயன்படுத்தலாமா?

100 சதவீதத்தில், சூடான அறையில், நாள் முழுக்க என்றால் பேட்டரி உப்பக்கூடும். உப்பினால் டேப்லெட்டில் திரைதான் முதலில் தூக்கும். 80 சதவீத வரம்பைப் போட்டுவிடுங்கள். சாம்சங்கில் பேட்டரிப் பாதுகாப்புக்குள் இருக்கிறது, ஐபேடில் 2024-லிருந்து வந்த ஏர், ப்ரோ மாடல்களில் உண்டு.

நகைக்கடை, கும்பகோணம்: பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், லேபிள் பிரிண்டர்?

யூஎஸ்பியில் ஐபேட் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. லேப்டாப்.

வாசகர், கரூர்: அண்ணா, டாலிக்கு எந்த டேப்லெட் நல்லது?

மேலே ஏறுங்கள் தம்பி.

கணக்காளர், ஈரோடு: கடைசியாக. லேப்டாப்பை வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் கடைகளில் பில் பார்க்கவும் குறிப்பெழுதவும் மட்டும் டேப்லெட் எடுத்தால்?

அதற்கு 13 அங்குல ப்ரோ வேண்டியதில்லை சார், 11 அங்குல ஏர் போதும். கீபோர்டு வாங்காதீர்கள். டோக்கனை எடுத்துப்போகும் அன்று லேப்டாப்பும் பையில் இருக்கட்டும்.