எங்கள் பகுதியில் உள்ள தொண்டு நிறுவனங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

இணையத்தில் தேடியிருப்பீர்கள். பெரிய நிறுவனங்களின் நன்கொடைப் பக்கங்கள்தான் வந்திருக்கும். உங்கள் பகுதியில் வேலை செய்பவர்கள் எவரும் அதில் இருந்திருக்க மாட்டார்கள். கொடுக்க ஏதோ வைத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள் என்று எண்ணிப் பதில் எழுதுகிறேன்.

உதவி தேவைப்படுகிறவர்களை அன்றாடம் பார்க்கிறவர்களிடம் கேளுங்கள். மருத்துவமனையின் சமூகப் பணியாளர், பள்ளித் தலைமையாசிரியர், நூலகர் ஆகியோருக்கு யார் உண்மையில் வேலை செய்கிறார்கள் என்பது தெரியும்.

என் அப்பா நெடுநாள் படுக்கையில் இருந்தார். அவர் இறந்த பிறகு கட்டில், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் செறிவூட்டி, காற்று மெத்தை எல்லாம் வீட்டில் கிடந்தன. நான் கேட்ட பெரிய நிறுவனங்கள், பொருளாக வாங்குவதில்லை, பணமாகத் தாருங்கள் என்றன. அதைக் குறையாகச் சொல்லவில்லை. பொருளை வாங்கினால் வைக்க இடமும் பழுது பார்க்க ஆளும் வேண்டும்.

அப்பாவுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட்தான் ஒரு சிறு குழுவைப் பற்றிச் சொன்னார். அதற்கு இணையதளமோ பெயர்ப்பலகையோ கிடையாது. ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இத்தகைய கருவிகளை நோயாளிகளுக்கு இரவல் கொடுத்து, தேவை முடிந்ததும் வாங்கிச் சுத்தம் செய்து அடுத்தவருக்கு அனுப்புகிறார். செறிவூட்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, வடிகட்டியை எப்போது மாற்றினீர்கள் என்று விசாரித்தார். மெத்தையில் ஒரு பகுதி காற்றுப் பிடிப்பதில்லை என்றதும், படுக்கைப்புண் வரக்கூடியவருக்கு இதைக் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார். பிரித்த மருந்துகளையும் வாங்கவில்லை. வருவதையெல்லாம் வாரிக்கொள்ளாமல், பயன்படுகிறவரை நினைத்துப் பேசினார். அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"பதிவில் இல்லாதவர்களை எப்படி நம்புவது?" என்று இங்கே சிலர் உடனே கேட்பார்கள். பதிவேட்டைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணம் கொடுப்பதானால் கட்டாயம் பாருங்கள். தனிநபர் கணக்கில் போடாமல் அமைப்பின் கணக்கிலேயே போட்டு ரசீது வாங்குங்கள். இந்தியாவில் நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் தொண்டு நிறுவனங்களைத் தேடலாம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் அறக்கொடை ஆணையத்தின் பதிவேடு இருக்கிறது. அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்கள் வரித்துறைக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் படிவம் 990-ஐப் பார்த்தால் வரவு செலவு தெரியும். ஆனால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டு வருமானம் 5,000 பவுண்டுக்குக் கீழே உள்ள பெரும்பாலான அமைப்புகள் அறக்கொடை ஆணையத்தில் பதிவு செய்யவே தேவையில்லை. அமெரிக்காவிலும் ஆண்டு வரவு பொதுவாக 50,000 டாலருக்கு மேல் போகாத அமைப்புகள் பெயர், முகவரி போன்ற சில விவரங்களைச் சொல்லும் சிறு படிவம் கொடுத்தாலே போதும். பட்டியலில் இல்லை என்பதற்காக ஒருவரை மோசடிக்காரர் என்று எழுதுவது அநியாயம். பட்டியலில் இருப்பவர் நல்லவர் என்பதற்கும் அது சான்றாகாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். அப்பா படுத்திருந்த காலமெல்லாம் எட்டிப் பார்க்காத உறவினர்கள், கட்டிலைக் கொடுத்துவிட்டேன் என்று தெரிந்ததும் "விற்றிருக்கலாமே" என்று வந்து நின்றார்கள். இரவில் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தபோது இவர்களில் யாரும் வரவில்லை. அதை என்னால் மறக்க முடியவில்லை.

நீங்கள் கொடுக்க நினைப்பது பொருளா, பணமா, நேரமா என்று கீழே எழுதுங்கள். நேரம் என்றால், வாரத்தில் எந்த நாள் தவறாமல் வர முடியும் என்பதையும் சொல்லுங்கள். சிறு அமைப்புகள் முதலில் அதைத்தான் கேட்கும்.