கொல்லையில் கிடைத்த பழைய பட்டன்: புளி போடலாமா?

கேள்வி: ராயக்கோட்டை பக்கம் எங்கள் கொல்லையில் தொலைந்த மோதிரத்தை மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடினோம். மோதிரம் கிடைக்கவில்லை, பச்சை பிடித்த மூன்று பட்டன்கள் கிடைத்தன. ஒன்றில் கிரீடம் தெரிகிறது. எந்தக் காலத்தவை? புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: புளி வேண்டவே வேண்டாம். எலுமிச்சை, வினிகர், பாத்திரம் துலக்கும் தூள் எதுவும் வேண்டாம். பழைய சீருடைப் பட்டன்கள் பலவற்றில் பித்தளைமேல் மெல்லிய தங்கமுலாம் இருக்கும். புளிப்பு பட்டால் அடியிலுள்ள உலோகம் அரித்து, முலாமும் உரிந்துவிடும்.

முதலில் திருப்பிப் பாருங்கள். வயது பெரும்பாலும் முதுகில்தான் தெரியும். ஒரே தட்டைத் தகட்டில் கம்பிக் காது (துணியோடு சேர்த்துத் தைக்கும் வளையம்) பற்றவைத்திருந்தால் 18ஆம் நூற்றாண்டின் கடைசியோ அடுத்த நூற்றாண்டின் தொடக்கமோ ஆகலாம். இரண்டு தகடுகளை விளிம்பில் மடித்துச் சேர்த்து, உள்ளே வெற்றிடமாக இருந்தால் பொதுவாக அதற்குப் பிந்தியது. லண்டன், பர்மிங்காம் என்று தயாரிப்பாளர் பெயர் இருந்தால் அதிர்ஷ்டம்தான். முன்பக்கத்தில் எண் மட்டும் இருந்தால் அது படைப்பிரிவின் எண்ணாக இருக்கலாம். பிரிட்டிஷ் படையில் அந்த வழக்கம் 1767இல் வந்தது. சிப்பாய்களின் பட்டன்கள் 1855 வரை சாம்பல்நிற வெள்ளீயக் கலவை. கிரீடத்தின் வளைவுகள் நடுவில் பள்ளமில்லாமல் உருண்டு எழும்பியிருந்தால் பெரும்பாலும் 1901க்குப் பிந்தியது.

1791இல் திப்பு சுல்தானுடன் நடந்த மைசூர்ப் போரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை ராயக்கோட்டையைப் பிடித்தது, அடுத்த ஆண்டே இந்தப் பகுதியான பாராமகால் கம்பெனி கைக்குப் போனது. அதற்காகக் கிரீடத்தைக் கண்டதும் திப்பு காலம் என்று முடிவு கட்ட வேண்டாம். போலீஸ்காரர் சட்டையிலிருந்து விழுந்ததாகவும் இருக்கலாம்!

சரி, சுத்தம் செய்வதற்கு வருவோம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் ஊறவைத்து, மண்ணை மட்டும் மூங்கில் குச்சியாலும் மென்மையான பிரஷாலும் எடுங்கள். பொன்னிறம் மின்னினால் அங்கேயே நிறுத்துங்கள். வெள்ளீயப் பட்டனுக்குப் பிரஷ்கூட வேண்டாம், விரல் போதும். நிழலில் உலர்த்துங்கள். வழவழப்பான பச்சைப் படலம் உலோகத்துக்குக் காப்பு, அதை விட்டுவிடலாம். துடைத்தாலும் திரும்ப வரும் வெளிர்பச்சைத் தூள்தான் ஆபத்து. மண்ணிலுள்ள உப்பும் காற்றின் ஈரமும் சேர்ந்து உலோகத்தைத் தின்பதன் அடையாளம் அது. அந்தப் பட்டனைத் தனி டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள்.

சுத்தம் செய்வதற்கு முன்பே இருபுறமும் படம் எடுத்து, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அப்புறம், டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு கோட்டைக்குள் போய்விடாதீர்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.