பெரிய குண்டும் விரிய வேண்டுமா?

கேள்வி: போரில் விரியும் குண்டுகளுக்குத் தடை உண்டு என்று படித்திருக்கிறேன். அமெரிக்காவில் .45 கைத்துப்பாக்கியைத் தற்காப்புக்காக வைத்திருப்பவர்கள் அதே வகைத் தோட்டாவைத்தான் தேடி வாங்குகிறார்களாமே, ஏன்? குண்டே பெரியதாக இருக்கும்போது அது விரியவும் வேண்டுமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் படித்தது சரிதான். உடலுக்குள் எளிதில் விரியும் குண்டுகளை 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் விலக்கியது; அதற்குக் காரணமாக அமைந்த குண்டுகள் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில் பிறந்தவை. ஆனால் அது நாடுகளுக்கிடையிலான போருக்கு உரிய விதி. அமெரிக்கக் காவல்துறையினரையோ வீட்டுக்காரரையோ அது கட்டுப்படுத்தாது.

ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1911இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற ‘1911’ கைத்துப்பாக்கிக்குரிய .45 ஏசிபி (0.45 அங்குல விட்டத்தைக் குறிக்கும் பெயர்) தோட்டாவில், முழுவதும் உலோக உறையிட்ட, விரியாத 230 கிரெய்ன் (சுமார் 15 கிராம்) எடையுள்ள குண்டு நொடிக்குச் சுமார் 250 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அது உடலைத் துளைத்து மறுபக்கம் வெளியேறிவிடக்கூடும் என்பதுதான் வீட்டுக்காரரின் கவலை. அமெரிக்க வீடுகளின் உட்சுவர்கள் பெரும்பாலும் மெல்லிய ஜிப்சம் பலகைகள். அடுத்த அறையில் குழந்தை உறங்கிக்கொண்டிருக்கலாம். நுனியில் குழியுள்ள ஹாலோ பாயின்ட் குண்டு விரிந்து வேகமிழப்பதால் இந்த ஆபத்து குறைகிறது, ஆனால் நீங்குவதில்லை. இலக்குத் தவறிய குண்டு எந்த வகையானாலும் அந்தப் பலகையைத் துளைத்துவிடும்.

எவ்வளவு ஆழம் போதும் என்ற கேள்விக்கு விடை கசப்பான அனுபவத்திலிருந்து வந்தது. 1986 ஏப்ரல் 11 அன்று மியாமியில் நடந்த மோதலில், எஃப்பிஐ அதிகாரி சுட்ட 9 மி.மீ. குண்டு ஒரு கொள்ளையனின் கையைத் துளைத்து மார்புக்குள் நுழைந்தும் இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான், இரண்டு அதிகாரிகள் உயிரிழந்தனர். அதன்பின் எஃப்பிஐ வகுத்த சோதனை முறையில், தடித்த துணி முதலிய தடைகளைக் கடந்த பிறகும் குண்டு உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் கட்டிக்குள் குறைந்தது 12 அங்குலம் செல்ல வேண்டும். 18 அங்குலத்துக்கு மேல் செல்வது விரும்பத்தக்கதல்ல.

இங்கேதான் .45இன் பலவீனம் தெரிகிறது. மெதுவாகச் செல்லும் குண்டின் குழியில் துணி அடைத்துக்கொண்டால் அது விரியாமலே போகலாம். குழல் மூன்றங்குலமாகக் குறுகினால் வேகம் மேலும் குறையும் என்பதால், குட்டைக் குழலுக்கென்றே வடிவமைத்த தோட்டாவைத் தேர்வதே நல்லது. விரியாவிட்டாலும் 11 மி.மீ.க்கு மேற்பட்ட விட்டம் இருக்கிறதே என்பது பெரிய குண்டை விரும்புவோரின் வாதம். அதில் நியாயம் உண்டு என்றாலும், எஃப்பிஐயே பின்னர் 9 மி.மீ.க்குத் திரும்பிவிட்டதையும் சொல்லியாக வேண்டும். வேகத்தைக் கூட்ட, வெடிக்கும்போது எழும் அழுத்தத்தின் வரம்பை 21,000 பிஎஸ்ஐயிலிருந்து (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) 23,000ஆக உயர்த்தும் ‘பிளஸ் பி’ தோட்டாக்களைத் துப்பாக்கித் தயாரிப்பாளர் அனுமதித்தால் மட்டுமே பயன்படுத்தலாம்.

என் கணிப்பில், விரிவைவிட முக்கியமானது தோட்டா சிக்காமல் துப்பாக்கிக் குழலுக்குள் ஏறுவது. பழைய 1911 துப்பாக்கிகள் உருண்ட முனைக்காக உருவானவை என்பதால், வாய் அகன்ற ஹாலோ பாயின்ட் சிலவற்றில் மாட்டிக்கொள்ளும். ஆகவே எத்தனை புகழ்பெற்ற தோட்டாவானாலும் சொந்தத் துப்பாக்கியிலும் அதன் மேகசினிலும் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) போதுமான அளவு சுட்டுப் பார்க்காமல் நம்பக்கூடாது. வாங்குமுன் மாநிலச் சட்டத்தையும் பார்க்க வேண்டும்: நியூ ஜெர்சியில் ஹாலோ பாயின்ட் தோட்டாக்களை வீட்டில் வைத்திருக்கலாம், வெளியே எடுத்துச் செல்வதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு.