சாத்தானிடமே மோசடி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

‘கான்ஸ்டன்டின்’ (2005) பாதிக் கிணறு தாண்டிய படம் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். மறுபடியும் பார்த்தேன், எனக்குக் குறை தெரியவில்லை. காமிக்ஸில் நாயகன் ஜான் கான்ஸ்டன்டினுக்குப் பொன்னிற முடி, படத்தில் நடித்த கியானு ரீவ்ஸுக்குக் கறுப்பு முடி. கோபமெல்லாம் இவ்வளவுதானா?

ச., ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள ச.,

முடியை விடுங்கள். 2014இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் பொன்னிற முடியோடுதான் வந்தான். 13 அத்தியாயங்களில் கடையைக் கட்டினார்கள். லிவர்பூல்காரனை லாஸ் ஏஞ்சல்ஸில் குடிவைத்ததையும் பொறுத்துக்கொள்வேன். அவன் உயிர் பிழைக்கும் விதம்தான் எனக்கு ஆறவில்லை.

அவனுடைய காமிக்ஸான ‘ஹெல்பிளேசர்’ இதழில் 1991இல் கார்த் என்னிஸ் எழுத, வில் சிம்ப்சன் வரைந்த கதையிலிருந்து படம் நிறையக் கடன் வாங்கியிருக்கிறது. ஓயாமல் புகைத்தவனுக்கு நுரையீரல் புற்றுநோய். செத்தால் நரகம் நிச்சயம். இவனிடம் அவமானப்பட்ட நரகத் தலைவன் ஒருவன் அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறான். இவன் என்ன செய்கிறான்? நரகத்தின் மற்ற இரண்டு தலைவர்களுக்கும், ஒருவனுக்குத் தெரியாமல் இன்னொருவனுக்கு, அதே ஆன்மாவை விற்றுவிட்டு மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறான். மூவரும் வந்து நிற்கிறார்கள். இவன் செத்தால் அந்த ஆன்மாவுக்காக அடித்துக்கொள்ள வேண்டும், அடித்துக்கொண்டால் ஆதாயம் சொர்க்கத்துக்கு. வேறு வழியின்றி அவர்களே நோயைக் குணப்படுத்துகிறார்கள். நன்றிக்குப் பதில் நடுவிரலைக் காட்டுகிறான்.

படத்திலும் மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறான். வருவது ஒரே சாத்தான். (வெள்ளை உடை, பாதத்தில் சொட்டும் கருந்தார்: பீட்டர் ஸ்டோர்மேருக்காகவே அந்தக் காட்சியை எத்தனை முறையும் பார்க்கலாம்.) அவனிடம் இவன் கேட்பதோ வேறொருத்தியின் ஆன்மாவுக்கு விடுதலை. அந்தத் தியாகத்துக்குச் சொர்க்கம் திறக்கிறது. விட மனமில்லாத சாத்தான் நெஞ்சுக்குள் கையை விட்டுப் புற்றைப் பிடுங்கி எறிகிறான். கடைசியில் நம் ஆள் சிகரெட்டுக்குப் பதில் சூயிங்கம் மெல்கிறான்!

அதுவும் தந்திரம்தானே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கட்டும். வானமே இறங்கிவந்து தியாகி என்று முத்திரை குத்திய பிறகு அவன் எத்தனாக எப்படி நிற்பான்? இங்கே செந்தூலானாலும் உங்கள் பினாங்கானாலும் முனீஸ்வரருக்குச் சுருட்டுதான் படைக்கிறோம். உடம்புக்கு ஆகாது என்று யாரும் அவருக்குச் சூயிங்கம் வைப்பதில்லை.

‘ஹெல்பிளேசர்’ 41 முதல் 46 வரையிலான இதழ்களைப் படித்துப் பாருங்கள். உங்கள் ஊர்ச் சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகளைக் கிளறினால் அகப்படலாம். இல்லையென்றால் எழுதுங்கள், என் பிரதியை அனுப்புகிறேன். திருப்பித் தருகிற பழக்கம் உண்டென்றால் மட்டும்.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து